கைகளைத் திருடிய கை

அத்தியாயம் 4

"திருடு போனது என்ன?" என்று சீஃப் கேட்டார்.

"பத்து விரல்," என்றார் மூட்டு டாக்டர்.

நான் என் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டேன். சரியாக இருந்தன. என் வேலை சீஃபின் பையைத் தூக்குவது, வண்டி ஓட்டுவது, வாயை மூடிக்கொண்டிருப்பது. முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்கிறேன். சீஃப் இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து பொய் கிளெய்ம்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிற அம்மணி. யாரையும் நம்பக்கூடாது என்பது அவருக்குக் கொள்கையெல்லாம் இல்லை, பல் தேய்ப்பது மாதிரி பழக்கம்.

டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் எங்கள் கட்சிக்காரி உட்கார்ந்திருந்தாள். வயது முப்பத்தாறு. ரெடிமேட் துணி யூனிட்டில் கட்டிங் மாஸ்டர். முடக்குவாதம் வந்த தாயாரை எட்டு வருடமாகத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிற மகள். வியாழக்கிழமை அவளுக்கு விமானம். அவளுக்காக நாலு வருடம் காத்திருந்த ஒருவர் வேற்று ஊரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். இது மூன்றாவது டிக்கெட். முதல் இரண்டையும் அம்மாவின் வலி ரத்து செய்துவிட்டது. இதையும் ரத்து செய்தால் இனி கூப்பிடமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். இன்று செவ்வாய்.

"அம்மா கை சரியாகும்னு தெரிஞ்சா நான் போவேன். ஆகாதுன்னா போகமாட்டேன். எனக்கு வியாழக்கிழமைக்குள்ள தெரியணும்," என்றாள் மகள்.

"ஆகிட்டு இருந்துச்சு," என்றார் டாக்டர் எரிச்சலாக. "அதான் எனக்குப் புரியலை. முடக்குவாதம் தேய்மானம் இல்லை. உடம்போட காவல்காரனே வீட்டுக்காரனைத் திருடன்னு நினைச்சு அடிக்கிறான். மூட்டுச் சவ்வு வீங்கும், எலும்பு அரிக்கும். அடி நடக்குறப்ப ஒரு புரதம் 'ஆள் அனுப்பு, இன்னும் ஆள் அனுப்பு'ன்னு கத்திக்கிட்டே இருக்கும். நாங்க போடுற பயாலஜிக் ஊசி, அந்தக் கத்துறவன் வாயைப் பொத்துது."

"எங்க அபார்ட்மென்ட் செக்ரட்டரிக்கு ஒண்ணு கிடைக்குமா டாக்டர்?" என்றேன்.

சீஃப் என்னைப் பார்க்காமலே என் காலை மிதித்தார்.

"வாயைப் பொத்துறதுல ஒரு ஆபத்து இருக்கு. நிஜத் திருடன் நுழைஞ்சாலும் சத்தம் குறைவாத்தான் வரும். நெஞ்சுல பழைய டி.பி. தூங்கிக்கிட்டிருந்தா எழுந்துக்கும். அதனால டி.பி., மஞ்சள் காமாலைக் கிருமி எல்லாம் பார்த்துட்டுத்தான் ஆரம்பிச்சோம். சுத்தம். காய்ச்சல் வந்தா ஊசியைத் தள்ளிப்போட்டு எங்களைக் கேளுங்கன்னு எழுதிக் கொடுத்தோம். ரெண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. முதல் மூணு இங்கேயே போட்டோம். அப்புறம் வீட்டுல. நாலு மாசம் முன்னாடி அந்தம்மா தானே தலை வாரிக்கிட்டாங்க."

"நான் அழுதுட்டேன்," என்றாள் மகள். "எட்டு வருஷத்துல முதல் தடவை சீப்பை அவங்களே பிடிச்சாங்க. அன்னைக்குச் சாயந்தரமே முதல் டிக்கெட் போட்டுட்டு அம்மாகிட்ட சொன்னேன்."

"சந்தோஷப்பட்டாங்களா?"

"கட்டிப்பிடிச்சு முத்தம் கொடுத்தாங்க."

சீஃப் நோட்டில் ஏதோ எழுதினார். முத்தத்தையெல்லாம் எழுதுகிறாரே என்று நினைத்தேன்.

அதற்கு அடுத்த மாதமே வீக்கம் திரும்பியது. மாற்றி மாற்றித் தொடையிலும் வயிற்றிலும் ஊசி போட்டும் கட்டையில் போட்ட மாதிரிதான். மருந்து தயாரித்த கம்பெனி, அதே லாட்டில் வந்த மருந்தைச் சோதித்து, மருந்து நல்லது என்று கடிதம் அனுப்பிவிட்டது. அப்படியானால் மருந்து வீட்டுக்குள் சாகிறது.

"பெட்டியைத் திறக்காம, சீலை உடைக்காம இந்த மருந்தை எப்படிக் கொல்றது?" என்று சீஃப் கேட்டார்.

டாக்டர் தயங்கவில்லை. "ஃப்ரீசர்ல வைச்சாப் போதும். ஃப்ரிட்ஜ்ல ரெண்டுலேருந்து எட்டு டிகிரியில இருக்கணும். ஒரு தடவை உறைஞ்சா முடிஞ்சது. உருக்கி எடுத்தாலும் குப்பைதான். திரிஞ்ச பால் திரும்பப் பாலாகுமா?"

"பார்த்தாத் தெரியுமா?"

"பல நேரம் தெரியாது. தெளிவாத்தான் இருக்கும்."

அப்போது டாக்டர் செய்த காரியம் எனக்குப் பிடிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார். ஊசியை வாங்கிப் போகிறவள் அவள். ஃப்ரிட்ஜ் அவளுடையது. கடைசி நாலு ஊசியைப் போட்டதும் அவளே. மகள் அந்தப் பார்வையைப் புரிந்துகொண்டாள். முகம் சுண்டிப்போயிற்று.

"முதல்ல ஒரு நர்ஸ் வந்தாங்க," என்றாள். "மருந்தைத் திருடிட்டு வேற ஊசி போடறாங்கன்னு அம்மா கண்ணால பார்த்தாங்களாம். ஏஜென்சியில சொல்லி நிறுத்திட்டேன்."

"எப்ப?"

"ரெண்டு மாசமாச்சு."

"திருடியைத் துரத்தியாச்சு, திருட்டு நிக்கலை," என்றேன் நான்.

"அவன் சில சமயம் மனுஷன் மாதிரி பேசுவான்," என்று சீஃப் டாக்டரிடம் சொன்னார். மகளை முதலில் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, கதவு சாத்தியதும் டாக்டர் பக்கம் குனிந்தார். "ஒரு உதவி. சுண்டுவிரல் அளவுக்கு, ரொம்ப மெல்லிசா ஒரு கண்ணாடிக் குப்பி வேணும்."

டாக்டர் கொண்டுவரச் சொன்னார். சீஃப் அதில் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, காற்றுக்கு இடமே இல்லாமல் அடைத்தார். புது ஊசிப் பெட்டியைத் திறந்து, நல்ல ஊசியை எடுத்து டாக்டரின் ஃப்ரிட்ஜிலேயே வைத்தார். பழைய காலி ஊசி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு, மடித்த காகிதத்துக்கு அடியில் குப்பியைப் படுக்க வைத்து, பெட்டியை ஒட்டினார்.

"ஃப்ரிட்ஜ்ல இருந்தா குப்பி சும்மா இருக்கும். தண்ணி உறைஞ்சா வீங்கும். வீங்கினா?"

"டமார்," என்றேன்.

* * *

அந்த வீட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

வீடு முழுக்கத் துணி வளையங்கள். கட்டம்போட்ட துணியைப் பட்டையாக மடித்து, இரட்டைத் தையல் போட்டு, அலமாரிக் கைப்பிடியில், மேஜை இழுப்பறையில், ஜன்னல் திரையில், தண்ணீர் பாட்டிலில், குளியலறைத் தாழ்ப்பாளில் மாட்டியிருந்தது. விரல் மடங்காதவர்கள் மணிக்கட்டை உள்ளே விட்டு இழுப்பதற்கு. பதினான்கு வளையங்கள். எல்லாம் மகள் வேலை முடிந்து வந்து தைத்தவை. காதலிப்பவர்கள் கடிதம் எழுதுவார்கள், இவள் வளையம் தைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தாயார் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். அழகான முகம். மடியில் வெந்நீர்ப் பை. அதன் மேல் இரண்டு கைகள், காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்த செடிபோல விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கம் சரிந்து கிடந்தன. மகள் பின்னால் நின்று அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"வாங்க, உக்காருங்க. தம்பி, அந்த நாற்காலி ஆடும், பார்த்து," என்றார் தாயார். "இதுக்கெல்லாம் துப்பறியணுமா? என் தலையெழுத்து. பாவம், என் பொண்ணு. என்னால அவ வாழ்க்கையே போச்சு. நான் செத்தாத்தான் அவளுக்கு விடிவு."

"அப்படிச் சொல்லாதம்மா," என்றாள் மகள், சீப்பை நிறுத்தி.

"வலிக்குது கண்ணு, மெதுவா."

"ஐஸ் ஒத்தடம் கொடுப்பீங்களாம்மா?" என்று சீஃப் சாதாரணமாகக் கேட்டார்.

"ஐயோ, குளிர்னாலே எனக்கு ஆகாது. வெந்நீர்தான். ஜில்லுனு ஒரு டம்ளரைத் தொட்டாக்கூட உயிர் போகும்."

மகள் நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாயார் "கண்ணு, காபி போடு," என்றார். அவள் போய்விட்டாள்.

நான் உதவுகிற சாக்கில் சமையலறைக்குள் நுழைந்தேன். கீழே ஃப்ரீசர் வைத்த உயரமான ஃப்ரிட்ஜ். இரண்டு கதவிலும் வளையம். சீஃபும் பின்னாலேயே வந்து, ஊசிப் பெட்டியைத் தன் கையாலேயே நடுத்தட்டில் வைத்தார். ஐஸ் தண்ணீர் வேண்டுமென்று சொல்லி ஃப்ரீசரை இழுத்து எட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

"நாளைக்குச் சாயந்தரம் நீ வேலை முடிஞ்சு வந்ததும் நாங்க வர்றோம்," என்று மகளிடம் சொன்னார். "அதுவரைக்கும் பெட்டியைத் தொடவேண்டாம்."

கூடத்தில் தாயாருக்கும் அது கேட்டது.

விடைபெறும்போது தாயார் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அந்த நர்ஸைத் தேடிப் பிடிங்க. அவதான். பையிலிருந்து வேற ஊசியை எடுத்தா, நான் பார்த்தேன். ஏழை, பாவம், என்ன கஷ்டமோ. நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லுங்க."

எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

* * *

எல்லோரும் 'ஊசி அக்கா' என்று கூப்பிடும் அந்த நர்ஸ் இப்போது ஒரு லாண்டரியில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். திருட்டுப் பட்டம் வந்ததும் ஏஜென்சி அவரை எடுத்துவிட்டது. இரண்டு மாதமாக எந்த வீட்டிலும் வேலை கிடைக்கவில்லை.

"என்னை மன்னிச்சுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு ஒரு விரிப்பை உதறினார். அந்த உதறலில் என் மூக்கே போயிருக்கும். "ரொம்பப் பெரிய மனசு. போய்ச் சொல்லுங்க, நான் இன்னும் அவங்களை மன்னிக்கலைன்னு."

"கடைசியா சண்டை எதுக்கு வந்துச்சு?" என்றார் சீஃப்.

"சண்டையே இல்லைங்க. டிக்கெட் போட்டாங்களே, அதுக்கப்புறம் நான் போனா, 'காய்ச்சல், இன்னைக்கு ஊசி வேண்டாம்'னாங்க. காய்ச்சல்னா போடக்கூடாது, சட்டம் அதானே? தெர்மாமீட்டர் வைச்சேன். காய்ச்சலே இல்லை. போட்டுட்டேன். அடுத்த தடவை நான் போறதுக்கு முன்னாடியே அவங்க தெர்மாமீட்டரை ரெடியா வைச்சிருந்தாங்க. நூத்தி நாலு."

"பயந்துட்டீங்களா?"

"நெத்தியைத் தொட்டேன். என் கையை விட ஜில்லுனு இருந்துச்சு. தெர்மாமீட்டர் பழுதோ என்னமோன்னு என்னோடதை வைச்சேன். நார்மல். போட்டுட்டு வந்தேன். அப்புறம் காய்ச்சல் பேச்சே வரலை. கொஞ்ச நாள்ல வீக்கம் வந்துச்சு, நான் திருடி ஆயிட்டேன்."

"அந்த வீட்டுல தெர்மாமீட்டர் கூடப் பொய் சொல்லுது," என்றேன் நான். நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னேன்.

சீஃப் நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெர்மாமீட்டர் பொய் சொல்லாதுடா. எதோட சூட்டைக் காட்டுச்சுன்னுதான் கேட்கணும்."

வண்டியில் ஏறியதும் அவரிடம் என் கணக்கை ஒப்பித்தேன். நர்ஸ் இல்லை. மிச்சம் மகள்தான். நாலு வருடம் காத்திருந்தவனிடம் போகப் பயம். மாட்டேன் என்று சொல்லவும் தைரியமில்லை. அம்மாவைச் சாக்கு வைக்கிறாள். நல்லவள் பட்டமும் மிஞ்சும்.

"அப்படின்னா நம்மளை எதுக்குக் கூப்பிட்டா?"

"நல்லவங்க எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவாங்க சீஃப். வீட்டைக் கொளுத்தினவன்தான் முதல்ல 'தண்ணி, தண்ணி'ன்னு கத்துவான்."

சீஃப் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். அதை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

* * *

புதன் மாலை. மகள் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். சட்டைக் கையில் வெட்டுத்துணி நூல் ஒட்டியிருந்தது. பயணப்பெட்டி வாசல் பக்கம் மூடாமல் கிடந்தது, பாதி நிரம்பியும் பாதி காலியாகவும்.

நான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பெட்டி நடுத்தட்டில், நேற்று வைத்த இடத்திலேயே சமர்த்தாக இருந்தது. மேலே ஒட்டிய இடம் பிரியவில்லை. கூடத்து மேஜையில் கொண்டுவந்து வைத்தேன். சீஃப் திறந்தார். ஈரமான காகிதம் வந்தது. அதற்கடியில் குப்பி நாலு துண்டாகக் கிடந்தது.

"உறைஞ்சிருக்கு," என்றார் சீஃப். "யாரோ எடுத்து ஃப்ரீசர்ல வைச்சு, திரும்ப எடுத்து இங்க வைச்சிருக்காங்க. இத்தனை நாளும் இப்படித்தான் நடந்திருக்கு. இந்த வீட்டுல இருக்கிறதே ரெண்டு பேர்."

மகள் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தபடி நின்றாள்.

தாயார் அழத் தொடங்கினார். சத்தமே இல்லாமல், கன்னத்தில் வழியவிட்டு அழுதார். துடைக்கக் கை வராத அழுகை.

"நான் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். பெத்த மனம் பித்து. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேன். கண்ணு, நீ பயப்படாதே. அம்மா உன் மேல கோபப்படலை."

"என்னம்மா சொல்றே?" என்றாள் மகள்.

"அவளுக்கு அவன்கிட்ட போகப் பயம்ங்க. பாவம், இத்தனை வயசுக்கு மேல புது வாழ்க்கைன்னா பயம் வராதா? அம்மாவுக்குச் சரியாயிடுச்சுன்னா போய்த்தானே ஆகணும்? காலையில நான் எழுந்தப்ப அவ ஃப்ரிட்ஜ்கிட்ட நின்னுக்கிட்டிருந்தா. நான் தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன். தம்பி, அவளை ஒண்ணும் சொல்லிடாதீங்க. எனக்கு அவ ஒருத்திதான்."

என் கணக்கும் அந்தத் தாயாரின் கணக்கும் புள்ளி மாறாமல் ஒன்றாக இருந்தன. நான் மகளை எப்படிப் பார்த்தேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் என் பார்வையைக்கூட கவனிக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை நான்தான் செய்தேனோ என்று தன்னையே சந்தேகப்படுகிற முகம். எட்டு வருடம் ஒருத்தி "உன்னால்தான், உன்னால்தான்" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அப்படித்தான் ஆகும்.

சீஃப் நாற்காலியை இழுத்துத் தாயாருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டார். அவர் அப்படிச் செய்தால் எதிரே இருப்பவருக்கு ஏழரை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

"டேய், சமையலறைக்குப் போ. எந்த வளையம் ரொம்ப அழுக்குன்னு பார்த்துட்டு வா."

போனேன். தட்டு அலமாரி வளையம் புதிது மாதிரி இருந்தது. ஃப்ரிட்ஜின் மேல்கதவு வளையம் லேசாக மங்கியிருந்தது. கீழே ஃப்ரீசர் வளையம் நீண்டு, தையல் விட்டு, வலித்தைலக் கறை படிந்து மஞ்சளாக இருந்தது. மோந்து பார்த்தேன். மகளின் கையில் அந்த வாசனை இல்லை. கூடத்தில், ஜன்னலோரத்தில் இருந்தது.

திரும்பி வந்து சொன்னேன்.

"ஃப்ரீசர்ல நேத்து நான் பார்த்தேன். ஐஸ் தட்டு காஞ்சு கிடக்கு, தூசி படிஞ்சிருக்கு. வேற ஒண்ணுமே இல்லை," என்றார் சீஃப். "ஐஸ் இல்லாத ஃப்ரீசரை அத்தனை தடவை மணிக்கட்டால இழுத்துத் திறந்தது யாரு? விரல் மடங்குறவளுக்கு வளையம் எதுக்கு? அவ கைப்பிடியைப் பிடிப்பா. அம்மா, உங்களுக்குத்தான் குளிர் ஆகாதே?"

தாயாரின் அழுகை நின்றது. குழாயை மூடின மாதிரி நின்றது.

"அந்த வளையத்தை நான்தான் தைச்சேன்," என்றாள் மகள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "மூணு மாசம் முன்னாடி. ஐஸ் வைச்சா வலி குறையுது, எடுக்க முடியலைன்னு அம்மா சொன்னாங்க. பகல்ல தனியா கஷ்டப்படறாங்களேன்னு அன்னைக்கே உக்காந்து தைச்சேன். நல்லா இழுத்தாத் தாங்கணும்னு ரெட்டைத் தையல் போட்டேன்."

"முதல் டிக்கெட் போட்டதுக்கு அடுத்த மாசம்தானே?"

மகள் தலையசைத்தாள்.

"முதல்ல காய்ச்சல்னு சொல்லிப் பார்த்தாங்க," என்றார் சீஃப். "காய்ச்சல்னா ஊசி கூடாது, அது நோயாளியைக் காப்பாத்துற விதி. இவங்க அந்த விதிக்குள்ள ஒளிஞ்சுக்கப் பார்த்தாங்க. நர்ஸ் விடலை. தெர்மாமீட்டரை வெந்நீர்ப் பையில வைச்சாங்க. அப்பவும் விடலை. அப்புறம்தான் ஃப்ரீசர். பகல்ல நீ வேலைக்குப் போனதும் ரெண்டு மணிக்கட்டுக்கு நடுவுல பெட்டியை இடுக்கி எடுத்து வைக்கிறது, நீ வர்றதுக்குள்ள திரும்ப எடுத்து வைக்கிறது. விஷயம் தெரிஞ்ச நர்ஸைத் திருடி ஆக்கியாச்சு. இன்னைக்கு உன்னையும்."

வேலியே பயிரை மேய்ந்த கதை கேட்டிருக்கிறேன். பயிர் தன்னைத்தானே மேய்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"ஆமா," என்றார் தாயார்.

அவ்வளவுதான். மறுக்கவில்லை, மயங்கவில்லை. கண்ணீர் காய்ந்த முகத்தில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

"வலிச்சிருக்குமே," என்று என் வாயில் வந்துவிட்டது.

"வலிச்சுது. உயிர் போச்சு. அதுக்கென்ன?" அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துப் பேசினார். "எட்டு வருஷமா உன் கைதானே என் கை? என் கை எனக்குத் திரும்பி வந்தா உன் கை எவனுக்கோ போயிடும். சீப்பை நான் பிடிச்ச அன்னைக்கே நீ டிக்கெட் போட்டே. ஒரு நாள் பொறுத்தியா? என் விரல் நல்லானதுக்கு நீ அழுதது சந்தோஷத்துல. விடுதலை கிடைச்ச சந்தோஷம். எனக்குத் தெரியாதா?"

"அம்மா, நான் உன்னை விட்டுட்டு..." மகளால் முடிக்க முடியவில்லை.

"நீ போகமாட்டே கண்ணு. இப்பவும் போகமாட்டே. எனக்கு உன்னைத் தெரியும்."

கொடுமை என்னவென்றால், அந்த அம்மாள் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. மகளின் கண் வாசல் பக்கம் கிடந்த பெட்டிக்குப் போய், அங்கே நிற்க முடியாமல் திரும்பி வந்தது. நாளை இந்த நேரம் பெட்டி காலியாகி அலமாரிக்குள் போயிருக்கும்.

சீஃபின் போன் அடித்தது. மூட்டு டாக்டர். சீஃப் ஸ்பீக்கரில் போட்டார்.

"போன வாரம் அந்தம்மாகிட்ட எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கு," என்றார் டாக்டர். "மருந்தோட அளவு ரத்தத்துல ஏறக்குறைய இல்லை. அது மட்டுமில்லை. உறைஞ்சு கட்டியான புரதமாக்கூட இருக்கலாம், அந்தம்மா உடம்பு இப்ப இந்த மருந்தையே எதிரியா நினைச்சு அடிக்குது. இனி நல்ல ஊசி போட்டாலும் பிடிக்காது. வேற வழியில வேலை செய்யற மருந்து இருக்கு, மாத்திப் பார்க்கலாம். ஆனா இந்த மூணு மாசத்துல அரிச்ச எலும்பு அரிச்சதுதான். வலது கை விரல் ரெண்டு இனி நேராகாது."

தாயார் தன் வலது கையைப் பார்த்தார். முதல் தடவையாக அந்த முகத்தில் பயம் தெரிந்தது. கொஞ்ச நாள் அடைத்து வைத்து வேண்டும்போது திறந்துகொள்ளலாம் என்று நினைத்திருப்பார் போல. கதவு பின்னாலேயே பூட்டிக்கொண்டது.

"கண்ணு," என்றார். இந்தத் தடவை குரல் நடிப்பாக இல்லை. "கண்ணு, என்னைப் பாரும்மா."

மகள் பார்க்கவில்லை. போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினாள்.

"ஊசி அக்கா, நான்தான் பேசறேன். நீங்க திருடலை. நான் உங்களைத் திருடின்னு சொன்னது தப்பு. ஏஜென்சிக்கு இன்னைக்கே எழுதிக் கொடுக்கறேன்." நிறுத்தினாள். "இன்னைக்கு ராத்திரியிலேருந்து அம்மாவைப் பார்த்துக்க வர முடியுமா? தினமும்?"

மறுமுனையில் ஒரு விரிப்பை உதறுகிற சத்தம் வந்தது. பிறகு ஊசி அக்கா சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"வர்றேன். மருந்து என் வீட்டு ஃப்ரிட்ஜ்லதான் இருக்கும். சம்மதமா?"

"சம்மதம்."

"அவளா? அந்த நர்ஸா?" என்று தாயார் எழுந்துகொள்ளப் பார்த்தார். "அவ என்னைக் கொன்னுடுவா! கண்ணு, வேற யாரையாவது... கண்ணு, என் தலை கலைஞ்சு கிடக்கு பாரு. வாரி விடும்மா. வாரி விட்டுட்டுப் பேசலாம்."

மகள் வந்தாள். சீப்பை எடுத்தாள். எங்களைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல் தலையாட்டினாள். தாயாரின் பின்னால் நின்று சிக்கெடுத்து, வகிடெடுத்து, ஒரு முடி பிசகாமல் வாரினாள். தாயார் கண்ணை மூடிக்கொண்டார். உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்ற சிரிப்பு.

வாரி முடித்தாள். முன்னால் வந்து மண்டியிட்டாள். அம்மாவின் வலது உள்ளங்கையைத் திறந்து சீப்பை அதில் வைத்தாள். விரல்களை அதன் மேல் ஒவ்வொன்றாக மடித்துப் பார்த்தாள். அவை மடங்கவில்லை. கையை விட்டாள்.

சீப்பு நழுவித் தரையில் விழுந்தது.

மகள் அதை எடுக்கவில்லை. எழுந்து போய்ப் பயணப்பெட்டியில் மிச்சத் துணிகளைப் போட்டு மூடினாள்.

"கண்ணு, சீப்பு," என்றார் தாயார்.

பழக்க தோஷம், நான் குனிந்தேன். சீஃப் என் காலரைப் பிடித்து நிமிர்த்தினார்.

"விடு," என்றார்.

மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வெளியே போனாள். கதவு சாத்துகிற வரைக்கும் கூடத்திலிருந்து "கண்ணு, சீப்பு, சீப்பு" என்று குரல் வந்துகொண்டே இருந்தது.